மூளையின் வெண்பொருளும் பெயர்ப் பிழையும்

(தமிழ் மன்றம் ஒன்றின் திங்கட் கூட்டத்தில் படிக்கப் பெற்ற உரை)



அகவை அறுபத்தெட்டு நிரம்பிய கைத்தறி நெசவாளர் ஒருவரை உள்ளத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். நாற்பதாண்டுத் தறிவாழ்க்கை. ஓராண்டாக நடை தளர்கின்றது. காலையிற் சொன்னதை மாலையில் மறக்கின்றார். மகன் நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மூளையைப் படம் எடுக்கச் செய்கின்றான். மாலையில் ஓர் உறை கைக்கு வருகின்றது. உள்ளே கரும்படங்களும், முழுதும் ஆங்கிலத்தில் அமைந்த ஓர் அறிக்கையும். அறிக்கையின் நடுவே, 'வெண்பொருளில் மாற்றங்கள்' என்று பொருள்படும் ஒரு வரி. பள்ளியிறுதி படிக்கும் பெயர்த்தி எழுத்துக் கூட்டிப் படிக்கின்றாள். 'வெள்ளை' என்பது விளங்குகின்றது, பிற விளங்கவில்லை. மூளை வெளுத்துப் போயிற்று என்கின்றார் ஒருவர். குருதி வற்றிவிட்டது என்கின்றார் இன்னொருவர். முதுமை வந்தால் எல்லார்க்கும் அப்படித்தான் என்று கூறி, உறையை மடித்துப் பரணிற் செருகுகின்றார் மற்றொருவர்.

அவ்வறிக்கை அவ்வீட்டாரை நோக்கிக் கேட்ட கேள்வி உண்மையில் ஒன்றே: இவருடைய குருதி அழுத்தத்தைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? அக்கேள்வி மட்டும் அங்கே எவர் காதிலும் விழவில்லை.

அறிவியலுக்கு எம்மொழியானால் என்ன என்று மேடைதோறும் பேசுவார் உளர். அவர்கள் அந்த ஒற்றை வரியை அம்முதியவர்க்கு விளக்கிக் காட்டட்டும். விளக்கப் புகுந்த அளவிலேயே, அவ்வரியைத் தாமும் விளங்கிக் கொள்ளவில்லை என்பது அவர்கட்கே தெரிந்துவிடும். ஏனெனில் இங்குள்ள குழப்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மருத்துவர்களும் இப்பொருளுக்குப் பெயரிடுவதில் நெடுங்காலம் இடறினர். அவ்விடறல் வரலாற்றைத் தமிழர் அறிந்திருத்தல் நன்று.

மூளையை வெட்டிப் பார்த்தால் இருநிறம் தெரியும். புறத்தே சாம்பல் நிறம், அகத்தே வெண்மை. சாம்பற்பொருளில் நரம்புக் கண்ணறைகளின் உடல்கள் செறிந்துள்ளன. வெண்பொருள் என்பது அக்கண்ணறைகளினின்று புறப்பட்டு மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளின் தொகுதி. ஒவ்வோர் இழையையும் கொழுப்பு மிக்க உறை சுற்றியுள்ளது. வெண்மைக்குக் கரணியம் அவ்வுறையே. செருமானிய மருத்துவர் விர்ச்சோ 1854-இல் அவ்வுறைப் பொருளுக்கு 'மயலின்' என்று பெயரிட்டார். எலும்பின் உள்ளீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. தமிழில் 'மூளை' என்னும் சொல்லே தலையினுள் இருப்பதையும் எலும்பினுள் இருப்பதையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்து எண்ணத்தக்கது.

அவ்விழைகளின் நீளம் வியப்பூட்டுவது. தென்மார்க்கு நாட்டு ஆய்வாளர்கள் 2003-இல் கணக்கிட்டு வெளியிட்டபடி, இருபது அகவை ஆண்மகன் ஒருவனின் மூளையில் உறையுடைய இழைகளை எல்லாம் ஒன்றாக நீட்டினால் ஏறத்தாழ 1,76,000 கி.மீ. வரும். நிலவுலகை நான்கு முறை சுற்றினாலும் மிஞ்சும். எண்பது அகவையில் அது ஏறத்தாழ 97,000 கி.மீ. ஆகக் குறைந்துவிடுகின்றது. ஆகவே முதுமையில் இழை குறைவது இயல்பே. எவ்விடத்தில், எவ்வளவு விரைவில், எதனால் குறைகின்றது என்பதே மருத்துவத்தின் கேள்வி.

சென்ற நூற்றாண்டின் இறுதிப்பகுதி வரை, இக்கேள்விக்கு விடை காண இறந்தாரின் மூளையை வெட்டுவதன்றி வேறு வழியில்லை. 1894-இல் செருமனியில் பணியாற்றிய ஒட்டோ பின்சுவாங்கர், அறிவு மழுங்கி இறந்தோர் சிலரின் வெண்பொருள் சுருங்கியிருந்ததை எழுதினார். 1902-இல் அலுசைமர் அதன் நுண்ணோக்காடித் தோற்றத்தை விரித்துரைத்தார். நோயாளி உயிரோடிருக்கும் வரை எவரும் எதனையும் காணவில்லை.

1971-இல் இலண்டனை அடுத்த விம்பிள்டனில், அவுன்சுபீல்டு என்னும் பொறியாளர் அமைத்த ஊடுகதிர் அடுக்குப்படக் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. மக்கள் இன்று 'சி.டி.' என்று சொல்வது அதுவே. அதனுள் முதியோர் சிலரின் வெண்பொருளில் கருநிழல் படிந்திருந்தது. அடுத்து வந்தது காந்த ஒத்ததிர்வுப் படம், 'எம்.ஆர்.ஐ.' என்று வழங்குவது. அதற்கு வழிவகுத்த அமெரிக்க அறிஞர் இலாட்டர்பர், 1973-இல் தம் புதுமுறைக்கு இட்ட பெயர் வேறு. இரு புலங்களை இணைத்துப் படம் எடுப்பதால், பூட்டி இணைப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வேராகக் கொண்டு 'சுக்மட்டோகிராவி' என்றார். நுகத்தடிப் படம் என்று தமிழிற் சொல்லலாம். அப்பெயர் நிலைக்கவில்லை. 'அணுக்கரு' என்ற அடைமொழியோடு வழங்கிய அடுத்த பெயரும் மக்கள் அஞ்சியமையால் தலைகுறைந்து இன்றைய வடிவு பெற்றது. பெயரைக் கண்டு அஞ்சுவோர் எந்நாட்டிலும் உளர் போலும்!

அக்கருவி காண்பது யாது? மூளையில் நீர் மிகுதி. நீரில் உள்ள நீரகத்தின் அணுக்கருக்களே கருவிக்கு இலக்கு. வலிய காந்தத்தின் நடுவே ஒருவரைக் கிடத்தி வானொலி அலையைச் சிறுபொழுது செலுத்தினால், அவ்வணுக்கருக்கள் அதனை ஏற்று அதிர்கின்றன. அலையை நிறுத்தியதும் ஏற்றதைத் திருப்பித் தருகின்றன. அத்திரும்பொலி எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பதே செய்தி. தொங்கும் வெண்கல மணியை அடித்தால் ஓசை நெடிது நிற்கும். துணி சுற்றிய மணி அடித்தவுடன் ஓயும். கொழுப்புறைகளுக்கிடையே நெருக்குண்ட நீர் துணி சுற்றிய மணி. உறை தேய்ந்து இழை அருகிய இடத்தில் விடுபட்டு நிற்கும் நீர் தொங்கும் மணி. சற்றுப் பொறுத்துச் செவி கொடுத்தால், மற்ற இடமெல்லாம் அடங்கியிருக்க, ஊறுபட்ட இடம் மட்டும் இன்னும் ஒலித்துக் கொண்டிருக்கும். அவ்வொலியைக் கருவி வெண்மையாகத் தீட்டுகின்றது.

மூளையின் நடுவே உள்ள நீரறைகளிலும் நீர் நிறைந்திருப்பதால் அவையும் வெளுத்துக் கண்ணைக் கூசச் செய்யும். அவற்றின் கரையோரத்துப் புள்ளிகள் அவ்வெளிச்சத்தில் மறைந்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் இலண்டன் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். நீரறை நீரின் ஒலி சுழியாகும் நொடியைத் தேர்ந்து அப்போது படம் எடுத்தால், நீரறை கருத்துவிடும். கரையோரப் புள்ளி ஒளிரும். இன்று வெண்பொருள் ஊற்றைத் தேடுவோர் முதலிற் புரட்டுவது இந்த நீரடக்கிய படத்தையே.

இங்கே தான் பெயர்ப் பிழையின் முதல் முடிச்சு இருக்கின்றது. 'வெண்பொருள்' என்னும் பெயரில் உள்ள வெண்மை, வெட்டிய மூளையைக் கண்ணாற் கண்டோர் இட்டது. படத்தில் உள்ள வெண்மை, கருவி தீட்டியது. அப்படத்தில் நலமான வெண்பொருள் கருமை சார்ந்தே தோன்றும். ஊறுபட்ட இடமே வெளுத்துத் தோன்றும். அதே இடம் ஊடுகதிர் அடுக்குப் படத்தில் கருநிழலாய்த் தெரியும். ஒரே ஊறு, ஒரு கருவியிற் கருப்பு. மற்றொரு கருவியில் வெள்ளை. 'வெள்ளை மாற்றம்' என்று ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதினால், அவர் எந்த வெண்மையைச் சொன்னார் என்பது அவர்க்கே தெரியாது. மூளை வெளுத்துப் போயிற்று என்று அஞ்சிய நெசவாளர் வீட்டார், படித்த பலரினும் பெரிதாகப் பிழை செய்துவிடவில்லை.

இரண்டாம் முடிச்சு இதனினும் கடிது. கருவி புதியது, புள்ளிகளோ எண்ணற்றவை. 1981-இல் இலண்டன் ஆமர்சுமித்து மருத்துவமனையில், 'எம்.எஸ்.' எனப்படும் பல்லிறுக்க நோயாளர் பதின்மரைப் படம் எடுத்தனர். அடுக்குப் படத்தில் 19 ஊறுகள் தெரிந்தன. காந்தப் படத்தில் மேலும் 112 தெரிந்தன. ஒரு நோயை உயிரோடு காணும் கண் அன்று திறந்தது. ஆயின் பின்னர் நோயற்ற முதியோரைப் படம் எடுத்தபோது அவர்கள் மூளையிலும் புள்ளிகள் இருந்தன. உடனே பெயர்கள் பெருகின. சிலர் குருதிக்குறை ஊறு என்றனர். சிலர் உறைதேய்வு என்றனர். சிலர் பின்சுவாங்கர் நோய் என்றே முடிவு கட்டினர். கண்டது ஒரு வெண்புள்ளி; எழுதியது ஒரு நோய்த்தீர்ப்பு.

1987-இல் கனடா நாட்டில் அச்சின்சுகி, பாட்டர், மெர்சுகி என்னும் மூவர் இதற்கு ஓர் அணை கட்டினர். கரணியம் தெரியும் வரை கரணியத்தைக் கூறாத பெயர் வேண்டும்; கண்டதை மட்டும் சொல்லும் பெயர் வேண்டும் என்றனர். வழக்கிலிருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஏதேனும் ஒரு தீர்ப்பைச் சுமந்திருந்தமையால், கிரேக்க வேர்களைத் தோண்டினர். 'இலூக்கோசு' என்றால் வெண்மை. 'அராயோசு' என்றால் செறிவு குறைந்தது, அடர்த்தியற்றது. இரண்டையும் கூட்டி 'இலூக்கோ அராயோசிசு' என்றனர்.

தமிழர் இங்கே நின்று எண்ண வேண்டும். அம்மூவரும் செய்தது புதுச்சொல்லாக்கமே. தமிழில் ஒருவர் வேர் தேடிப் புதுச்சொல் படைத்தால், 'மக்கட்கு விளங்குமா?' என்று நகைக்கும் அதே வாய், இக்கிரேக்கக் கூட்டை மறுசொல்லின்றி மனப்பாடம் செய்கின்றது! 'அராயோசு' என்பதற்கு நேரான சொல் தமிழிற் பழமையாகவே உண்டு. 'ஐது' என்பது அது. நெருக்கமின்றி விதைப்பதை ஐதாக விதைத்தல் என்பர். ஈழத்துப் பள்ளிகளின் வேதியியல் நூல்களில், நீர் கலந்து செறிவு குறைந்த அமிலம் 'ஐதான அமிலம்' என்றே எழுதப்பெறும். பாவு நெருங்காத துணியைக் கையாற் தடவியே அறிபவர் அந்நெசவாளர். 'வெண்பொருள் ஐதாதல்' என்றால், அவர்க்கு அகரமுதலி வேண்டுவதில்லை.

கனடாவில் கட்டிய அணையும் முற்றும் நிற்கவில்லை. அடுத்த கால்நூற்றாண்டில் ஒரே தோற்றத்திற்குப் பல பத்துப் பெயர்கள் ஆய்விதழ்களில் உலவின. ஒருவர் அளந்ததை மற்றொருவர் அளந்ததோடு ஒப்பிட இயலவில்லை. பல நாட்டு அறிஞரும் கூடி 2013-இல் பெயர்களை ஒழுங்கு செய்தனர். அவர்கள் முடிவு செய்த தொடரைத் தமிழில், 'குருதிக்குழாய் வழிப்பட்டதெனக் கருதத்தக்க வெண்பொருள் மிகையொளிர்வு' என்னலாம். நீளமான தொடர்தான். ஆயின் அதிலுள்ள 'கருதத்தக்க' என்னும் ஒரு சொல்லில் உள்ள நேர்மை, பழைய பெயர்கள் பலவற்றில் இல்லை. 'மிகையொளிர்வு' என்பது படத்தின் தன்மை. 'கருதத்தக்க' என்பது மருத்துவரின் கருத்து. இரண்டும் வெவ்வேறாக நிற்கின்றன.

அவ்வாறாயின் புள்ளியைக் கண்டு நோயைப் பிரித்தறிவது எவ்வாறு? இடம், வடிவு, அளவு, போக்கு ஆகியவற்றைக் கொண்டே. முதுமையாலும் குருதி அழுத்தத்தாலும் வரும் ஒளிர்வு பெரும்பாலும் இருபுறமும் ஒத்து, நீரறைகளைச் சுற்றியும் ஆழத்திலும் அமையும். ஆத்திரிய நாட்டு மருத்துவர் பசேக்கசும் உடனிருந்தோரும் 1987-இல் இதற்கு 0 முதல் 3 வரை படிநிலை வகுத்தனர். ஆழத்து வெண்பொருளில் ஒன்றுமில்லையாயின் 0. தனித்தனிப் புள்ளியாயின் 1. புள்ளிகள் ஒன்றோடொன்று கூடத் தொடங்கின் 2. ஒன்றாய்ப் பரந்துவிடின் 3. நீரறை ஓரத்திற்கும் அவ்வாறே தனிப்படி உண்டு. எளிய முறைதான், நாற்பது ஆண்டை நெருங்கியும் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. அகவை அறுபதைக் கடந்தோர் பெரும்பாலோர்க்குச் சில புள்ளிகளேனும் இருக்கும். முதற்படியைக் கண்டு அலறுவது வேண்டா. மூன்றாம் படியை முதுமை என்று தள்ளுவதும் தகாது.

பல்லிறுக்க நோயின் ஊறு வேறுவகையது. அது நீரறைக்குச் செங்குத்தாக, முட்டை வடிவில், சிறுகுருதிநாளத்தைச் சுற்றி நீளும். 1916-இல் எடின்பரோவில் இடாசன் என்பார் நுண்ணோக்காடியிற் கண்டு விரித்துரைத்த இத்தோற்றத்தை 'இடாசன் விரல்கள்' என்பர். இருபக்க மூளையையும் இணைக்கும் பாலத்திலும், புறணியை ஒட்டியும், தண்டுவடத்திலும் அது தோன்றும். புதிய ஊறு, ஊசிவழிச் செலுத்தும் நிறமூட்டியை ஏற்று ஒளிரும். பழைய ஊறு ஏலாது. ஆகவே ஒரே படத்தில் பழையதும் புதியதும் பிரிந்து தெரியும். இளம்பெண் ஒருத்தியின் படத்தில் இத்தகைய விரல்களைக் கண்டும், 'முதுமை மாற்றம்' என்று கைப்பழக்கத்தால் எழுதிவிட்டால், அவள் இழப்பது மருந்து தொடங்க வேண்டிய ஆண்டுகளை. இதன் மறுதலையும் உண்டு. ஒற்றைத் தலைவலி உடையார்க்கும் சிறுபுள்ளிகள் இருக்கலாம். அவர்கள் மேல் பல்லிறுக்க நோய் என்னும் பெயரைச் சுமத்தினால் வேண்டாத மருந்தும் வாழ்நாள் அச்சமுமே மிஞ்சும். பி-12 என்னும் ஊட்டப்பொருட் குறைவாலும் வெண்பொருள் ஊறுபடும். அதனை உரிய காலத்திற் கண்டால் மருந்து எளிது. பிறவிவழி வரும் வெண்பொருள் நோய்கள் தனிக்கடல். அவற்றையும் பெரிதும் இடத்தையும் வடிவையும் கொண்டே பிரிக்கின்றனர்.

கண்ணுக்குப் புள்ளி தெரியாத இடத்திலும் ஊறு தொடங்கியிருக்கக் கூடும். அதனை அறிய 1994-இல் பாசரும் உடன் ஆய்ந்தோரும் நீரின் போக்கை அளக்கும் முறையை வகுத்தனர். குவளை நீரில் இட்ட மைத்துளி எப்பக்கமும் ஒப்பப் பரவும். வைக்கோற் கட்டினுள் நீரோ தாளின் நெடுக்கே எளிதில் ஓடும், குறுக்கே ஓடாது. நலமான நரம்பிழைக் கற்றையிலும் அவ்வாறே. எப்பக்கமும் ஒப்பப் பரவினால் 0 என்றும், ஒரே திசையில் மட்டும் ஓடினால் 1 என்றும் அளவு வைத்தனர். உறை தேய்ந்தால் எண் இறங்கும். ஆயின் இரு கற்றைகள் குறுக்கிடும் இடத்தில் நோயின்றியே எண் இறங்கும் என்பதையும் மறத்தலாகாது. எண் வந்தவுடன் உண்மையும் வந்துவிட்டதென்று எண்ணுவது இக்காலத்துப் புதிய குருட்டு நம்பிக்கை.

நெசவாளர்க்கு இவற்றால் ஆவதென்ன? வெண்பொருள் ஒளிர்வு மிக்கார்க்குப் பிற்காலத்தில் மூளைத்தாக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கும், அறிவு மழுங்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கும் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் கணக்கிட்டனர். தடுக்கும் வழியும் தெரியாததன்று. அமெரிக்காவில் குருதி அழுத்தம் மிக்க ஐம்பது அகவைக்கு மேற்பட்டோரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு மேல் அழுத்தத்தை 140-க்குள்ளும், மற்றவர்க்கு 120-க்குள்ளும் வைக்க முயன்றனர். படம் எடுத்துப் பார்த்தவர்களிடம், ஏறத்தாழ நான்காண்டில், முன்னவர்க்கு ஒளிர்வு 1.45 கன செ.மீ. வளர்ந்தது, பின்னவர்க்கு 0.92 கன செ.மீ. மட்டுமே. இது 2019-இல் வெளிவந்த முடிவு. போன இழை மீளவில்லை. போகும் விரைவு குறைந்தது. பரணிற் செருகிய உறைக்குள் இருந்த செய்தி இதுதான்.

இனி, மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று கேட்போர் ஒன்றரை நூற்றாண்டு பிந்திக் கேட்கின்றனர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பெருநூல்களைத் தமிழில் வெளியிட்டார். 1867-இல் அறுவை மருத்துவ நூல்; 1872-இல் உடற்கூற்று நூல். அவர் ஆர்வத்திற்குத் தமிழினம் கடன்பட்டது. எனினும் அறுவை நூலின் பெயர் 'இரணவைத்தியம்'. உடற்கூற்று நூலின் பெயரோ 'அங்காதிபாதம்' என முடிவது. ஆங்கிலச் சுவரை இடித்த கை, அவ்விடத்திலேயே வடசொற் சுவர் எழுப்பியது. குற்றம் அவரதன்று, அக்காலத் தமிழ்ப் புலவர் நடை அதுவாக இருந்தது.

தனித்தமிழ் அன்பர்க்கும் ஒரு சொல். அகரமுதலியை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைப் பாராமலே சொற்படைப்பது கிறீன் காலத்துப் பிழையினும் பெரிது. 'வெண்பொருள் நோய்' என்று ஒருவர் தூய தமிழில் எழுதிவிட்டால் சொல் தூயது, செய்தி பொய். ஒளிர்வு நோயன்று, நோய்க்குக் குறியாகலாம், ஆகாமலும் இருக்கலாம். சொல்லாக்குவோர் படம் படிப்போரின் அருகில் ஒரு நாளேனும் அமர்தல் வேண்டும்.

அந்நெசவாளரின் அறிக்கை தமிழில் இவ்வாறு அமையலாம்:

'மூளையின் காந்த ஒத்ததிர்வுப் படம். நீரடக்கிய படத்தில், இருபுறத்து ஆழ்வெண்பொருளிலும் மிகையொளிர்வுப் புள்ளிகள் உள. சில ஒன்றோடொன்று கூடத் தொடங்கியுள்ளன. பசேக்கசு படி 2. நீரறைக்குச் செங்குத்தான ஊறு இல்லை. அண்மைத் தாக்கின் அடையாளம் இல்லை. இவ்வொளிர்வு குருதிக்குழாய் வழிப்பட்டதெனக் கருதத்தக்கது. குருதி அழுத்தமும் சருக்கரையும் அளக்கப்பெறுக.'

இதில் 'நீரடக்கிய படம்' என்பது இன்னும் முழுநிறைவு தரவில்லை. நீரின் ஒலியைச் சுழியாக்கும் நொடி பார்த்து எடுத்தல் என்னும் கருத்து அதில் வரவில்லை. இதனினும் நல்ல சொல் அறிந்தோர், அது பிறந்த வேரையும் குறித்து இதழாசிரியர்க்கு எழுதலாம்.